தொண்டும் முகாமையும்: கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை

1982ஆம் ஆண்டில் ஒப்பீட்டுப் பொருளியலுக்கான ஆய்விதழ் ஒன்றில் இலங்கையைப் பற்றிய கட்டுரையொன்று வெளிவந்தது. எழுதியவர் எஸ்டெல் ஜேம்ஸ். நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புறூக் வளாகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். அக்காலத்தில் இலங்கையைப் பற்றி எழுதிய வெளிநாட்டு அறிஞர்களுட் பலர் அரிசி மானியம், தேயிலை, திறந்த பொருளாதாரம் என்பவற்றிலேயே கவனஞ் செலுத்தினர். ஜேம்ஸ் அம்மையார் எடுத்துக்கொண்ட பொருளோ இலாப நோக்கற்ற நிறுவனங்கள். நம்மூர் வழக்கிற் சொன்னால் சபைகள், சங்கங்கள், மடங்கள், மிஷன்கள், அறநிலையங்கள்.

கொழும்பிலே தமிழர் நடத்தும் சங்கங்களின் கூட்டங்களுக்குச் செய்தியாளனாகப் பல தசாப்தங்கள் சென்று வந்தவன் என்ற முறையில் இக்கட்டுரையின் பொருள் எனக்கு நெருக்கமானது. சங்கங்களின் விழாக்களைப் பற்றி நமது பத்திரிகைகள் ஏராளமாக எழுதியுள்ளன. தலைவரின் உரையும் பொன்னாடையும் மங்கல விளக்கும் தவறாமல் இடம்பெறும். ஆனால் ஒரு சபை ஏன் தோன்றுகிறது, யார் பணத்தில் நடக்கிறது, தொடக்கியவர் மறைந்தபின் எப்படி நிலைக்கிறது என்ற கேள்விகள் தமிழில் மிக அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கின்றன. அவற்றை இன்று எழுப்பவேண்டிய தேவை உண்டு. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் நமது சங்கங்களை நடத்துகின்றவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அடுத்த தலைமுறையிடம் அவற்றை ஒப்படைக்கும் வேளை நெருங்கிவிட்டது.

ஒரு புதிய துறையின் தோற்றம்

இலாப நோக்கற்ற நிறுவனங்களைப் பற்றிய படிப்பு மிக இளைய துறை. தருமம் செய்தல் மனித குலத்தோடு பிறந்தது. அதை நடத்தும் நிறுவனத்தை ஆய்வுப் பொருளாக்கியதோ 1970களின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வுத் திட்டம் அப்போது தொடங்கிற்று. பொருளியலாளரும் சட்ட அறிஞரும் சமூகவியலாளரும் அதிற் கூடினர்.

அவர்கள் எழுப்பிய அடிப்படைக் கேள்வி எளிமையானது. சந்தை இருக்கிறது, அரசும் இருக்கிறது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை நிறுவனம் எதற்காக? பேட்டன் வைஸ்புரொட் என்ற பொருளியலாளர் ஒரு விடை தந்தார். மக்களாட்சியில் அரசு பெரும்பான்மையினர் வேண்டுவதையே வழங்கும். அதனால் நிறைவடையாத சிறுபான்மையினர் தமக்கு வேண்டியதைத் தாமே கூடிச் செய்துகொள்வர். சனத்தொகை எவ்வளவுக்குப் பல்வகைப்பட்டதோ அவ்வளவுக்குச் சங்கங்களும் பெருகும்.

சட்ட அறிஞர் ஹென்றி ஹான்ஸ்மன் 1980இல் வேறொரு விடை தந்தார். கடையில் அரிசி வாங்குபவன் தானே சோறாக்கி உண்டு பார்க்கிறான். அரிசி கூடாதென்றால் மறுமுறை அக்கடைக்குப் போகமாட்டான். ஆனால் ரொறன்ரோவில் இருந்துகொண்டு மட்டக்களப்பிலுள்ள ஓர் அநாதைக் குழந்தையின் சோற்றுக்குப் பணம் அனுப்புபவர் அச்சோற்றை உண்டு பார்க்க இயலாது. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். இடையில் நிற்கும் நிறுவனத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நம்பிக்கைக்குச் சட்டம் தரும் பிணைதான் இலாபம் பங்கிடாமை என்னும் விதி. நிறுவனத்துக்கு மிச்சம் வரலாம். அதை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இலாப நோக்கற்றது என்பதன் சரியான பொருள் இதுவே. வருமானமே ஈட்டக்கூடாது என்பதன்று.

இந்த யேல் வட்டத்தோடு தொடர்புடையவர்தான் எஸ்டெல் ஜேம்ஸ். வைஸ்புரொட்டின் கருத்தை அவர் உலகின் பல நாடுகளிற் சோதித்துப் பார்த்தார். இலங்கை அவற்றுள் முற்பட்டது. பின்னர் நெதர்லாந்து, சுவீடன், யப்பான், இந்தியா என ஆய்வு விரிந்தது. அவர் கண்ட முடிவைச் சுருக்கமாகக் கூறலாம். சங்கங்களை வேண்டுவோர் இருந்தால் மட்டும் போதாது, தொடக்குவோரும் வேண்டும். இலாபமே கிடையாதென்று தெரிந்தும் முதலிட்டு உழைப்பவர் யார்? பெரும்பாலும் சமயத்தார். அவர்கள் தேடுவது பணத்தையன்று, ஆட்களை. பிள்ளைகளின் மனத்தைப் பள்ளிக்கூடத்தில் வெல்லலாம். துன்பப்படுவோரின் மனத்தை மருத்துவமனையில் வெல்லலாம். ஆகவே பல சமயங்கள் போட்டியிடும் நாடுகளில் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் இலாப நோக்கற்ற நிறுவனங்களாகப் பெருகுகின்றன. நெதர்லாந்தில் மாணவரிற் பெரும்பான்மையினர் அரச நிதி பெறும் தனியார் பள்ளிகளிற் படிப்பதற்கும், சமயப் பிரிவுகள் குறைந்த சுவீடனில் அப்படி நிகழாமைக்கும் காரணம் இதுவே என்றார்.

இவ்வம்மையாரின் பெயர் பின்னர் வேறொரு துறையில் உலகப் புகழ் பெற்றது. 1994இல் உலக வங்கி வெளியிட்ட முதியோர் ஓய்வூதியம் பற்றிய பேரறிக்கையின் முதன்மை ஆசிரியர் அவரே. ஆனால் நமக்கு வேண்டியவை அவரது முந்திய ஆய்வுகள்.

கொட்டாஞ்சேனையின் சாட்சியம்

அவரது கருத்துக்கு உதாரணம் வேண்டுவோர் கொட்டாஞ்சேனையிற் சிறிது தூரம் நடந்தால் போதும். சென் லூசியாஸ் பேராலயம், அதனருகே 1865இல் தொடங்கிய சென் பெனடிக்ற் கல்லூரி, நல்லாயன் கன்னியர் மடம், சற்று அப்பால் தீபதுத்தாராமய பௌத்த விகாரை, விவேகானந்த மேட்டில் விவேகானந்த சபை, கொச்சிக்கடைப் பக்கமாக அந்தோனியார் கோயிலும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும். இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை நிறுவனங்கள் நெருங்கி நிற்பது தற்செயலன்று.

கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் முதலிற் பள்ளிகளைக் கட்டினர். கல்வி வழியே மதம் பரவுவதைக் கண்ட ஏனையோர் அதே கருவியைக் கையிலெடுத்தனர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தீபதுத்தாராமயவைத் தளமாகக் கொண்டிருந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவரோடு புகழ்பெற்ற வாதத்தை நடத்தினார். 1880இல் கேணல் ஒல்கொட் வந்தார். பௌத்த பிரமஞான சங்கம் அமைந்தது. 1886இல் ஆனந்தாக் கல்லூரியாகப் பின்னர் வளர்ந்த பள்ளி தொடங்கிற்று. 1892இல் முஸ்லிம்களுக்கு மருதானையில் ஸாஹிராக் கல்லூரி வந்தது. இந்தப் போட்டிக்குக் கசப்பான முகமும் உண்டு. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டுப் பெருங் கலவரம் மூண்டது. நவீன இலங்கையின் முதற் சமயக் கலவரமாக வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுவது அதனையே. பள்ளிக்கூடம் கட்டிய அதே உணர்ச்சி கல்லெறியவும் செய்தது என்பதை மறத்தலாகாது.

சைவரின் பங்களிப்புகளுள் இரண்டை இங்கு விரித்துரைக்கலாம். ஒன்று, பொன்னம்பல முதலியார் தொடக்கிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கருங்கற் கோயிலாக எழுப்பியமை. இது ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை. மற்றையது விவேகானந்த சபை. சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பும் வழியில் 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பிலே இறங்கினார். 1902 ஜூலை 4ஆம் திகதி அவர் சமாதியடைந்தார். அந்த மாதத்திலேயே கொழும்பிலே அவர் பெயரால் இச்சபை தோன்றிற்று. இது ஒரு குடும்பத்தின் உடைமையன்று. அங்கத்தவர்கள் சந்தா கொடுத்து, கூட்டங்கூடி, நிருவாகிகளைத் தெரிவு செய்யும் அமைப்பு. நாடு முழுவதும் சைவசமய பாடப் பரீட்சையை இச்சபை நடத்தியமை பலருக்கு நினைவிருக்கும். இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளிற் படித்த சைவப் பிள்ளைகளுட் பல தலைமுறையினர் இப்பரீட்சைக்குத் தோற்றியவர்கள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அச்சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்போர் உளர்.

இவற்றுக்கும் முற்பட்ட நிதி முறையொன்று செட்டியார் தெருவில் இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம் வணிகக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கை மகமை என ஒதுக்கிக் கோயிலுக்கும் அறத்துக்கும் கணக்கு வைத்தனர். ஆடிவேல் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு உலா வந்த கோலாகலம் அந்தக் கணக்கேட்டின் மேல் நின்றது. நன்கொடையைத் தனிமனிதரின் இரக்கத்துக்கு விடாமல் வழமையான செலவினமாக்கிய அறிவு இங்கே கவனிக்கத்தக்கது.

ஜேம்ஸ் அம்மையாரின் கருத்துக்கு அடங்காத உதாரணமும் உண்டு. இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915இல் இலங்கைச் சமூகசேவைச் சங்கத்தை அமைத்தார். கேம்பிரிட்ஜில் கற்றுச் சிவில் சேவையிற் சேர்ந்து, 1901ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய அறிஞர் அவர். கொழும்பு நகர ஏழைகளின் வாழ்க்கையை எண்ணிக்கை மூலம் அறிந்தவர். அவருடைய சங்கம் எந்தச் சமயத்துக்கும் ஆள் சேர்க்கவில்லை. ஆய்வறிவும் தொண்டு செய்யத் தூண்டலாம் என்பதற்கு அவரே சான்று.

அரசு கையேற்ற நாள்

ஜேம்ஸின் ஆய்வைப் படிக்கும்போது ஒரு பெரும் நிகழ்வு நினைவில் நிற்க வேண்டும். 1960 ஜூலையிற் பதவிக்கு வந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் அவ்வாண்டின் இறுதியிலும் 1961இலும் சட்டங்களை இயற்றி, உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைக் கையேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்து அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சில கல்லூரிகள் அரச உதவியும் இன்றி, கட்டணம் அறவிடவும் இயலாது, தனியார் கல்லூரிகளாகத் தாக்குப்பிடித்தன. சைவ வித்தியா விருத்திச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் தமது பாடசாலைகளைக் கையளித்தன.

ஒரு நூற்றாண்டாக மக்கள் கட்டியெழுப்பிய நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளிற் கைமாறின. இதை நீதி என்பாரும் அநீதி என்பாரும் இன்றும் உளர். பாடசாலை சமயத்தாரின் ஆட்சேர்ப்புக் களமாக இருக்கக்கூடாது என்ற வாதத்திலே நியாயம் உண்டு. சிறுபான்மையினர் தம் பிள்ளைகளின் கல்வியைத் தாமே நிருவகிக்கும் உரிமையை இழந்தனர் என்பதும் உண்மை. எனது அக்கறை வேறொன்று. தம் பிரதான பணியையே இழந்த நிறுவனங்கள் அதன்பின் என்ன செய்தன? சில பெயரளவிற் சுருங்கின. சில புதுப்பணி தேடி நிமிர்ந்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதை ஜேம்ஸின் கோட்பாடு விளக்காது. அவர் தோற்றத்தை விளக்கினார். நிலைப்பை விளக்க முகாமைத்துவம் வேண்டும்.

வெள்ளவத்தையும் விபுலாநந்தரும்

இங்கே வெள்ளவத்தைக்கு வருவோம். இராமகிருஷ்ண மிஷனின் கொழும்பு நிலையம் அங்கேயே அமைந்துள்ளது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து, 1922இற் சென்னை மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்து, 1924இல் சுவாமி விபுலாநந்தரானார். இலங்கை திரும்பி மிஷன் பாடசாலைகளை முகாமை செய்தார். 1929இற் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக 1931இற் பொறுப்பேற்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் யாழ் நூலை அரங்கேற்றி, அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பிலே மறைந்தார்.

விபுலாநந்தரின் இசையாராய்ச்சியையும் தமிழ்ப் புலமையையும் போற்றாதார் இல்லை. பாடசாலை முகாமையாளராக அவர் ஆற்றிய பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசிரியர் நியமனம், கட்டட நிதி, அரச உதவி நன்கொடைக்கான விதிகள், பரிசோதகர் அறிக்கைகள் என்பவற்றினூடாகவே ஒரு முகாமையாளரின் நாள் கழியும். யாழ் நூல் எழுதிய கைகளே அக்கோப்புகளையும் புரட்டின.

ஆனால் அவர் மறைந்தபோது பணி நின்றுவிடவில்லை. 1961இற் பாடசாலைகள் போனபின்னும் மிஷன் நின்றது. மட்டக்களப்பிற் சிறுவர் இல்லப் பணியும் வெள்ளவத்தையில் ஆன்மிகப் பணியும் தொடர்ந்தன. காரணத்தைத் தேடினால் 1901ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். சுவாமி விவேகானந்தர் தம் இறுதிக்காலத்திற் பேலூர் மடத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பு உறுதியொன்றை எழுதிச் சொத்துகளைத் தம் பெயரிலிருந்து பொறுப்பாளர் குழுவின் பெயருக்கு மாற்றினார். 1909இல் மிஷன் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. நிலையத் தலைவரை மடம் நியமிக்கும், மடமே மாற்றும். எவரும் தம் சீடனுக்கோ உறவினருக்கோ ஆசனத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. துறவு பூண்டவர்கள் நடத்தும் நிறுவனத்திலேயே இவ்வளவு இறுக்கமான விதி வேண்டியிருந்ததென்றால், இல்லறத்தார் நடத்தும் நிறுவனங்களுக்கு எவ்வளவு வேண்டும்!

வெள்ளவத்தையின் மற்றொரு நிறுவனம் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இற் தொடங்கியது. ஐம்பத்தேழாவது ஒழுங்கையாகிய உருத்திரா மாவத்தையில் உள்ள அதன் சங்கரப்பிள்ளை மண்டபத்தையும் நூலகத்தையும் அறியாத தமிழ் எழுத்தாளர் அருமை. வைஸ்புரொட் கூறிய விதி இங்கே மொழியின் வடிவிற் செயற்படுகிறது. 1956இற் சிங்களம் மட்டும் அரச மொழியானது. 1958இலும் 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. பெரும்பான்மையினரின் அரசு தமிழுக்குச் செய்யாததைத் தமிழர் தாமே கூடிச் செய்துகொண்டனர். கொழும்பின் நடுவே ஒரு தமிழ் நூலகம் உறுப்பினர் சந்தாவிலும் அன்பர் நன்கொடையிலும் இத்தனை காலம் நின்றதன் பெருமையை, யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நினைப்போர் நன்குணர்வர்.

போர் கேட்ட விலை

போர்க்காலம் தொண்டு நிறுவனங்களுக்குப் புதுச் சோதனை. 1977ஆம் ஆண்டு வன்செயலையடுத்துத் தமிழ் அகதிகள் புனர்வாழ்வுக் கழகம் அமைந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கிய சட்டத்தரணி க. கந்தசாமி, பின்னர் இலண்டனில் தமிழர் தகவல் நடுவத்தையும் உருவாக்கினார். 1988 ஜூனில் யாழ்ப்பாணத்திற் கடத்தப்பட்ட அவர் திரும்பவில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார்.

கொழும்பிலே இவ்வரிசையில் வைத்து எண்ணவேண்டியவர் கலாநிதி நீலன் திருச்செல்வம். ஹாவாட்டிற் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற கல்விமான். 1982இல் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையமும், சட்டம் சமூகம் பற்றிய அறக்கட்டளையும் உருவாவதில் முன்னின்றவர். அரசியல்வாதி நீலனைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் உண்டு. நிறுவனம் அமைப்பவராக அவர் செய்ததில் ஒன்று முக்கியமானது. தம் சொந்த ஆய்வைமட்டும் வளர்க்காமல், இளம் ஆய்வாளர் பலர் தத்தம் ஆய்வை நடத்துவதற்கு இடமும் நிதியும் தேடித்தந்தார். 1999 ஜூலை 29ஆம் திகதி காலை, அலுவலகம் செல்லும் வழியில் றோஸ்மீட் பிளேஸ் சந்தியருகே தற்கொலைக் குண்டுதாரி அவரைக் கொன்றான். 2008இல் இனத்துவக் கற்கைகள் நிலையம் தலைமையும் பணிப்பாளர் சபையும் சம்பந்தப்பட்ட பெரும் நெருக்கடியைக் கடந்தது. எனினும் இரு நிறுவனங்களும் மூடப்படவில்லை. குண்டு ஒருவரைக் கொன்றது. எழுதப்பட்ட யாப்பு அவர் கட்டியதைக் காப்பாற்றியது.

அரசும் இக்காலத்தில் இத்துறைமீது கண் வைத்தது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூகசேவை அமைப்புகளைப் பதிவு செய்யச் சொன்னது. 1990இறுதியில் ஜனாதிபதி பிரேமதாச அரச சார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார். சர்வோதய இயக்கம் அதன் நெருக்குதலைப் பெரிதும் அனுபவித்தது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம் நிதி மோசடிக் குற்றச்சாட்டு எழும் அமைப்புக்கு இடைக்கால நிருவாக சபையை நியமிக்க அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. 2024இல் வெளியான புதிய சட்டவரைவும் குடிசார் அமைப்புகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. மேற்பார்வை வேண்டாம் என்று எவரும் கூற இயலாது. ஆனால் கணக்குப் பார்ப்பது வேறு, வாய்ப்பூட்டுப் போடுவது வேறு.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் மற்றொரு பாடம் கிடைத்தது. சசெக்ஸ் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜொக் ஸ்ரிரற் 2006இல் எழுதிய கட்டுரையொன்றில் அப்போதைய நிலையைப் போட்டி மனிதாபிமானம் என வருணித்தார். இலங்கையில் நீண்டகாலம் களஆய்வு செய்தவர் அவர். நிதி பற்றாமையைவிட நிதி மிகுதியே சிக்கலானது என்றார். வந்த பணத்தை விரைவாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் செலவிட்டுக் காட்டவேண்டிய நெருக்குதலில் நிறுவனங்கள் பயனாளிகளைத் தேடித் தமக்குள் போட்டியிட்டன. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டப்பட்டது. பெற்றவரிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை.

கற்பிக்க முடியுமா?

தொண்டு மனத்திலிருந்து வருவது, அதை வகுப்பறையிற் கற்பிக்க முடியுமா என்று கேட்போர் உண்டு. தொண்டு மனத்தைக் கற்பிக்க முடியாது. தொண்டு நிறுவனத்தை நடத்துவதைக் கற்பிக்க முடியும். பீற்றர் டிரக்கர் 1990இல் இலாப நோக்கற்ற நிறுவன முகாமைத்துவம் பற்றித் தனி நூலே எழுதினார். வணிக நிறுவனத்துக்கு இலாப நட்டம் என்னும் ஒரே அளவுகோல் உண்டு; தொண்டு நிறுவனத்துக்கு அது இல்லாமையால் அதற்கு முகாமைத்துவம் இன்னும் அதிகம் தேவை என்பது அவர் வாதம். இலண்டன் பொருளியற் கல்லூரியில் டேவிட் லூயிஸ், பங்களாதேஷ் அனுபவத்தை ஆராய்ந்து, அபிவிருத்தி நிறுவனங்களின் முகாமைத்துவம் பற்றி 2001இல் வெளியிட்ட நூல் இன்று பல பல்கலைக்கழகங்களிற் பாடநூல். வணிக முகாமைத்துவத்தை அப்படியே பெயர்த்து நடுதல் கூடாது. அந்தந்த மண்ணின் நிறுவன மரபையும் கற்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இலங்கையிலும் 1952இற் தொடங்கிய சமூகப்பணிக் கல்வி தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக வளர்ந்துள்ளது. எனினும் மகமையையும் விவேகானந்த சபையையும் விபுலாநந்தரின் முகாமையையும் உதாரணமாகக் கொண்டு தமிழில் ஒரு பாடநூல் எழுதப்படவேண்டும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அதற்கான மூலப்பொருள் ஏராளம்.

பொதுக்கூட்டங்களில் ஒரு வாசகத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "பொருளாளர் சமர்ப்பித்த கணக்கறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." பெரும்பாலும் மதிய உணவுக்கு முன்னரான பத்து நிமிடங்களில் இது நடந்துவிடும். கேள்வி கேட்பவர் குழப்பக்காரராகக் கருதப்படுவார். தொண்டு செய்பவரைச் சந்தேகிப்பது பண்பன்று என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக உள்ளது. ஹான்ஸ்மனின் விளக்கத்தைப் படித்தபின் இதன் தவறு புரியும். கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. தொண்டு நிறுவனம் உயிர்வாழ்வதற்கான நம்பிக்கை அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. நேர்மையான பொருளாளருக்கு அது பாதுகாப்பும் ஆகும்.

சங்கங்களை நடத்தும் அன்பர்கள் தம்மைத் தாமே கேட்கவேண்டியவை சில உள்ளன. காணியும் கட்டடமும் யார் பெயரில் உள்ளன? பொறுப்பாளர்களுட் காலமானவர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் முறைப்படி நியமிக்கப்பட்டனரா? தலைவர் தொடர்ந்து எத்தனை ஆண்டுகள் பதவி வகிக்கலாம் என்று யாப்பு கூறுகிறதா? வெளியார் ஒருவர் கணக்காய்வு செய்கிறாரா? நாற்பது வயதுக்குட்பட்டோர் எத்தனைபேர் நிருவாக சபையில் உளர்? காலி வீதியை அண்டிய ஒரு பேர்ச் காணியின் இன்றைய விலையை அறிந்தவர்கள் முதற் கேள்வியின் கனத்தை உணர்வர். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அறநிலையச் சொத்து பாழாகும்போது அக்கறையுள்ளோர் நீதிமன்றம் செல்ல வழிவிட்டிருக்கிறது. ஆனால் வழக்குக்குப் போன கோயில்களினதும் சங்கங்களினதும் வரலாறு நமக்குத் தெரியும். பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை வழக்கு நடக்கும்.

எஸ்டெல் ஜேம்ஸ் 1982இல் இலங்கையைத் தெரிவு செய்தது, பல சமயத்தாரும் பல மொழியினரும் ஒரு சிறு தீவில் வாழ்வதனால் இங்கே நிறுவனங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைத் தெளிவாகக் காணலாம் என்பதற்காகவே. அவர் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டிலேயே கொழும்பு எரிந்தது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் அகதிகள் நிறைந்தனர். அவர்களுக்கு முதற் சோறும் மாற்றுடையும் கொடுத்தவர்களுள் இந்தச் சபைகளினதும் கோயில்களினதும் அன்பர்களும் இருந்தனர். சிறுபான்மையினருக்குச் சங்கம் ஓர் அலங்காரமன்று. அரசு கைவிடும் நாளில் அடுப்பு மூட்டுவது அதுவே. அந்த அடுப்பு எரிவதற்கு விறகைப்போலவே கணக்கேடும் வேண்டும். இன்றைய நிருவாகிகள் அதை ஒழுங்காக எழுதி, உயிரோடிருக்கும்போதே இளையவர்களிடம் கையளிப்பார்களாக.